ஒயின் அலமாரியும் ஒரு கறுப்புக் கயிறும்

காலி பாட்டில் போதும் என்றுதான் கேட்டிருந்தேன். நிறைந்த பாட்டில்கள் வந்து இறங்கின.

சேலத்தில், மலையடிவாரத்தில் புதுவீடு கட்டிய ஒரு தம்பதி, கூடத்துச் சுவரில் ஒயின் பாட்டில்களைக் காட்சிக்கு வைக்கத் தேக்கில் ஓர் அலமாரி கேட்டிருந்தார்கள். ஒயின் நிற்கக் கூடாதாம், படுத்திருக்க வேண்டுமாம். நின்றால் வாயை அடைத்திருக்கும் தக்கை காய்ந்து காற்று புகுந்துவிடுமாம். கழுத்துக்கு ஒரு பிறை, வயிற்றுக்கு ஒரு பிறை என்று பலகையில் பள்ளம் எடுக்க வேண்டும். பலகையில் வட்டமாகத் துளைத்து நட்டநடுவே அறுத்தால் இரண்டு பிறை கிடைத்துவிடும். ஆனால் வயிறு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று பள்ளிக்கூடத்துப் பெண், ஒன்று நிறைமாதக்காரி. அதனால்தான் பாட்டில் கேட்டேன். அவர்கள் வீட்டு டிரைவர் எங்கள் ஊர் வெண்ணந்தூருக்கே வந்து அட்டைப்பெட்டியை இறக்கி, "பத்திரமுங்க்கா, அத்தனையும் வெளிநாட்டுச் சரக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பட்டறை வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓட்டுக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் என்னோடு மரவேலை செய்கிறவர் என் வீட்டுக்காரர். வடக்கே ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டவர். குடித்துக் குடித்து வேலை போய், உடம்பு போய், கடைசியில் முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வீட்டோடு தங்கியவர்.

எங்கள் பக்கம் குடியை விடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பூசாரி மந்திரித்து வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். கயிற்றோடு குடித்தால் ரத்தம் கக்குவாய் என்பார். அதை எல்லாரும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். அதனால் கயிற்றோடு யாரும் குடிப்பதில்லை. ஆசை முற்றினால் முதலில் கயிற்றை அறுத்துவிட்டு, அப்புறம்தான் கடைப்பக்கம் நடப்பார்கள். 'கயிறு அறுத்துட்டான்' என்று எங்கள் ஊரில் சொல்லிவிட்டால் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உளியை எடுக்கப் போனால் பெட்டியைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தால் அவர் கையைப் பார்த்தேன். கடைசியில் ஒரு சாக்கை எடுத்துப் பெட்டியை மூடினேன்.

"ஏ புள்ள, சாக்குப் போட்டு மூடிப்போட்டா எனக்குத் தெரியாதா? போர் போட்டவன் நானு. பூமிக்குள்ள என்ன கெடக்குதுன்னே சொல்லுவேன்" என்றார்.

"தண்ணி இருக்கற எடம் உங்களுக்குத் தெரியும்னு ஊருக்கே தெரியுமுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சாக்கின் ஓரங்களைப் பெட்டிக்கடியில் இறுக்கிச் செருகினேன்.

மறுநாள் உப்புத்தாளும் திருகாணியும் வாங்க ராசிபுரம் போக வேண்டியிருந்தது. போகும்போது அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? குடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால், குடிக்கலாம் என்பது நினைவுக்கு வந்துவிடும்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் தெருவில் மாவு அரைக்கும் அக்கா எதிரே வந்தார். நின்றார். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க கண்ணு, உங்கூட்டுக்காரரு கயித்த அறுத்துட்டாராட்ட இருக்குது? பீடிக் கடைக்கி வந்தாரு. கை மொட்டையா இருந்துச்சு."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க்கா."

"இருக்காதுன்னா நல்லதுதான். நான் கண்ணால பாத்தஞ் சாமி."

அங்கிருந்து வீடு எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியவில்லை. வெயில் வெள்ளையாக இருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் தறி அடித்துக்கொண்டிருந்தது. எல்லாத் தறியும் என் நெஞ்சுக்குள் அடித்தது. பழைய மாலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன: வாசலில் செருப்பு ஒன்று மட்டும் கிடக்கும் மாலை, சட்டையில் மண்ணோடு யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும் மாலை. கையிலிருந்த திருகாணிப் பொட்டலம் வேர்வையில் நனைந்து கிழிந்தது.

கொட்டகை திறந்து கிடந்தது. மெஷின் ஓடவில்லை. சாக்கு தரையில் கிடந்தது, பெட்டி பிரிந்திருந்தது, உள்ளே ஒரு பாட்டில் இருந்த இடம் காலி. மேசைமேல், மரத்தூளுக்குள், அறுந்த கறுப்புக் கயிறு.

அதைத் தொடவில்லை. தொட்டால் உண்மையாகிவிடும் போல இருந்தது. கூப்பிடாமலே தேடினேன். கிணற்றடியில் இல்லை. மாடிப்படியில் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் வெளிச்சத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் பாட்டில்.

மூடி பிரிக்காத பாட்டில்.

முன்னால் கல்லின்மேல் அன்றைக்குத் துளைத்து அறுத்த பலகை. பிறைப்பள்ளத்தில் பாட்டிலைப் படுக்கவைத்து, விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தொட்டில் பிள்ளை மாதிரி ஆடி நின்றது.

"கழுத்துல ஒரு நூலு அளவுக்குப் புடிக்குது புள்ள. இன்னும் கொஞ்சம் தேய்க்கோணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அட, என்னாச்சு?"

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். சுற்றிலும் சிவப்பாக ஒரு கோடு, தோல் உரிந்து.

"துளை போடற மெஷின்ல கயிறு மாட்டிக்கிச்சு. கிறுகிறுன்னு சுத்தி இழுத்துப் போட்டுது. எடது கை சுச்சுக்கு எட்டுச்சு, தப்பிச்சேன். இல்லாட்டி கை போயிருக்கும். உளிய வெச்சு அறுத்துட்டேன்."

"அறுத்துட்டேங்கறீங்களே" என்று கத்தினேன்.

"வேற எப்படிச் சொல்றது? அறுத்தா அறுத்தேன்னுதான சொல்லோணும்?" அவருக்கும் குரல் உயர்ந்தது. "மெஷின்கிட்ட வளையல் ஆவாது, கயிறு ஆவாது, முந்தானை ஆவாதுன்னு தெனைக்கும் சத்தம் போடறது ஆரு? நீ தாலிய ரவிக்கைக்குள்ள சொருவிக்கற. நான் கயித்த எங்க கொண்டு போயிச் சொருவறது?"

சிரிக்க வேண்டிய பேச்சு. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கை போயிருந்தால் என்ற பயமும் கயிறு போய்விட்டதே என்ற பயமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை.

"வாங்க, இப்பவே கோயிலுக்குப் போயி மறுபடி கட்டிக்கலாம்" என்றேன்.

"கட்டிக்கலாம். கட்டுனா மெஷினத் தொட மாட்டேன். பகலெல்லாம் சும்மா உக்காந்திருப்பேன். அதுதான் எனக்குப் பயம்." பாட்டிலைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு. கட்டட்டுமா?"

கயிறு இருந்தவரைக்கும் நான் முனியப்பனைத்தான் நம்பியிருந்தேன். இந்த மனிதரை நம்பச் சொல்லி யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. பாட்டில் என் கையில் கனத்தது. சிவப்பா கறுப்பா என்று தெரியாத ஒரு நிறம் உள்ளே அசைந்தது.

"கழுத்துல இன்னும் தேய்க்கோணும்னீங்களே, தேய்ச்சு முடிங்க" என்றேன். பாட்டிலைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தேன். "நான் போயி டீ வெக்கறேன்."

அடுப்படிக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டே நடந்தேன். கொட்டகையில் மெஷின் ஓடத் தொடங்கியது. பாலை அடுப்பில் வைத்தேன். மெஷின் நின்றது. பலகை மாற்றுகிறார், வேறு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். சத்தமே இல்லை. பலகை மாற்ற இவ்வளவு நேரமா? மேடை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. போகவும் இல்லை. அப்படியே நின்று, காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, மெஷின் மறுபடி ஓடுவதற்காகக் காத்திருந்தேன்.