ஊதுபத்திப் புகை நகரவில்லை

ஆறு வருடத்துக்கு முன்பு, தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு பட்டாசு கம்பெனி. லீவு நாளில் அங்கே பூட்டிக் கிடந்த ஓர் அறை வெடித்தது. ஆள் சேதம் இல்லை. ஆனால் எங்கள் ஜன்னல் கண்ணாடி நொறுங்கிப் பாயெல்லாம் சிதறியது. ஒரு நிமிடம் முன்புதான் என் மனைவி அந்தப் பாயிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தாள்.

அந்தப் பயம் என்னை விடவே இல்லை. வீட்டைப் புதுப்பித்தபோது முதல் வேலையாக ஜன்னல் இரண்டையும் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். அடுப்படி வென்டிலேட்டரிலும் கண்ணாடி இருந்தது. அதையும்தான்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எல்லாத்தையும் அடைக்கச் சொல்றீகளே அண்ணாச்சி, காத்து எங்கிட்டுப் போகும்?"

"வெடிச்சா கண்ணாடி உங்க தலையிலயா விழப்போகுது? சொன்னதச் செய்யுங்க" என்றேன். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற எனக்கு அன்று பெரிய இன்ஜினீயர் என்ற நினைப்பு.

காலையில் பிரஸ்ஸுக்குப் போனால் ராத்திரிதான் வருவேன். நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் இருந்தவள் அவள். பட்டாசு கம்பெனிக்காகக் காகிதக் குழாய் சுருட்டுவாள். பசை ஈரத்தோடு குழாயெல்லாம் அறைக்குள்ளேயே காயும். லாரிப் புழுதிக்குப் பயந்து வாசல் கதவையும் சாத்தியே வைப்பாள்.

அவளுக்கு இருமல் வந்தது. கஷாயம் கொடுத்தேன். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். நாலு வருடம் இப்படியே ஓட்டிய மடையன் நான். மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "வீட்டில் எத்தனை ஜன்னல்?" என்று கேட்டபோதுதான் நான் வைக்கச் சொன்ன செங்கல் ஞாபகம் வந்தது.

அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் பீரோவை நகர்த்தினார். பின்னால் சுவர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. பிறகு சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்தி நடு அறையில் பிடித்தார். புகை நேராக மேலே போய், விட்டத்துக்குக் கீழே அப்படியே தேங்கி நின்றது. அவர் ஊதுபத்தியை அணைத்துவிட்டு, ஜன்னல் இருந்த இடத்தை அளக்க ஆரம்பித்தார். திட்டியிருக்கலாம்.

மறுநாளே அடைத்ததை எல்லாம் உடைத்து, ஜன்னலுக்கு மரக்கதவு போட்டோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பூஞ்சைக் காற்றால் நுரையீரலில் விழுந்த தழும்பு இனி ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது அவள் படுத்துத் தூங்குவதில்லை. திறந்த ஜன்னலோரம் தலையணையை அடுக்கிச் சாய்ந்திருப்பாள். போன மாதம் எங்கோ வெடிச்சத்தம் கேட்டது. நான் பதறி ஜன்னலைச் சாத்த ஓடினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. அன்னைக்கு கண்ணாடி என் மேல விழுந்திருந்தா நாலு தையலோட போயிருக்கும்ல" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவளைக் காப்பாற்றத்தான் அந்தச் சுவரை எழுப்பினேன் என்பதை இன்று யாரிடம் சொன்னாலும், எனக்கே அது பொய் மாதிரி கேட்கிறது.