திட்டு தாண்டிய பெட்டி

“முன்னாடி வாங்க, எல்லாரும் முன்னாடி வாங்க!”

யாரும் அசையவில்லை. படகின் பின்பலகையில் தேர்தல் அதிகாரி அம்மா வாக்குப்பெட்டியை முழங்காலோடு அணைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் போலீஸ்காரர். மறுபக்கம் மீனுக்கு ஐஸ் கொண்டுவந்து விற்கும் ஐஸ்காரர். படகோட்டி நிதானம் இன்னொரு தடவை கத்துவதற்குள் என்ஜினின் விசிறி மணலைக் கடித்தது. படகு ஒருமுறை உதறிவிட்டு நின்றது. என்ஜினை அணைத்தான்.

ஏறுகிறவர்களிடமெல்லாம் ‘நிதானம், நிதானம்’ என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு அந்தப் பெயர் வந்தது. சின்ன தீவுக்கும் பெரிய தீவுக்கும் நடுவே பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறான். வழியில் ஒரு மணல்திட்டு. தண்ணீர் வற்றும் நேரத்தில் அதன்மேல் இடுப்பளவுகூட இருக்காது. திட்டு நெருங்கினால் சின்ன தீவுக்காரர்கள் சொல்லாமலே எழுந்து முன்பக்கம் போய் நெருக்கியடித்து நிற்பார்கள். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். பாரம் முன்னால் போனதும் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், விசிறி தப்பும், படகு வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் நேரே விட்டான். உட்கார்ந்திருப்பவர்கள் வெளியாட்கள் என்பது கடைசி நிமிஷத்தில்தான் உறைத்தது.

ஐஸ்காரர் வெளியாள் இல்லை.

“அண்ணே, உங்களுக்குமா தெரியாது?”

“தெரியும். பெட்டிய விட்டு எல்லாரையும் கிளப்ப உங்களுக்கும் நல்லாத் தெரிஞ்சிருக்கு.”

உங்களுக்கும். நேற்றுவரை அவர் வாயில் அவனுக்கு ‘டேய்’ தவிர வேறு வந்ததில்லை.

இரண்டு தீவுக்கும் சேர்த்து நடந்த மன்றத் தேர்தலில் நின்றவர்கள் இரண்டே பேர். சின்ன தீவிலிருந்து ஐஸ்காரரின் மனைவி, தையல் வேலை செய்கிறவர்; அவருடைய ஏஜெண்டாகத்தான் ஐஸ்காரர் பெட்டியோடு வந்தார். பெரிய தீவிலிருந்து நிதானத்தின் மச்சான், இரும்புக்கடை வைத்திருப்பவர். சின்ன தீவு மொத்தமும் யாருக்குப் போட்டது என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. ஆறு மணிக்குள் பெட்டி எண்ணும் கூடத்துக்குப் போகாவிட்டால் அந்த ஓட்டு செல்லாது. இன்னொரு நாள் மறுபடி போட வேண்டும். விடிந்தால் சின்ன தீவில் மீன்பிடிக்கிற ஆண்கள் எல்லாரும் பல நாளுக்கு ஆழ்கடலுக்குப் போய்விடுவார்கள். மச்சான் படுத்துக்கொண்டே ஜெயிப்பார். அதன்பிறகு நிதானத்தின் படகில் ஈ காக்கா ஏறாது. ஊரை விற்றவன் என்ற பேரோடு அதே ஊரில் குடியிருக்க வேண்டும்.

காலையில் மனைவி சோறு கட்டிக் கொடுக்கும்போது சொன்னாள்: “அண்ணன் போன் பண்ணுச்சு. படகு பழசாம், சாயங்காலம் அவசரப்படாம பாத்து வரச் சொல்லுச்சு.” அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது தண்ணீரில் குதித்துப் பின்பக்கம் தோளைக் கொடுத்தான். படகு அசையவில்லை.

“எவ்வளவு நேரமாகும்?” என்றார் அதிகாரி அம்மா.

“வத்திக்கிட்டே இருக்கு மேடம். இப்ப நகரலன்னா இனி தண்ணி ஏறினாத்தான்.”

“எனக்கு நீச்சல் தெரியாது. முன்னாடியே சொல்லிட்டேன்” என்றார் போலீஸ்காரர்.

“இதுல முங்கணும்னா படுத்தாத்தான் சார் முடியும்.”

ஐஸ்காரர் கடிகாரத்தைத் திருப்பி அவனுக்குக் காட்டினார். “நல்லா நேரம் பாத்துத்தான் திட்டுல ஏத்தியிருக்கீங்க.”

நிதானத்துக்குக் காது சூடேறியது. படகைத் திருப்பும் என்ஜின் கைப்பிடியை அவன் யாரிடமும் கொடுத்ததில்லை. மனைவி அதைத் துடைக்கக்கூட விட்டதில்லை.

“அண்ணே, வந்து கைப்பிடியப் பிடிங்க.”

“என்ன?”

“மேடமும் சாரும் பெட்டியோட முன்னாடி போகட்டும். நான் தண்ணிக்குள்ள நிக்கறேன். பெட்டிக்கும் எனக்கும் நடுவுல நீங்கதான் இருக்கீங்க. இதுக்கு மேல என்ன வேணும்?”

ஐஸ்காரர் அவனைப் பார்த்துவிட்டு நகர்ந்து கைப்பிடியைப் பிடித்தார். அதற்குள் அதிகாரி அம்மா பெட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். போலீஸ்காரர் பலகையைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலேயே போனார். பின்பக்கம் லேசாக எழும்பியது.

நிதானம் கால்களை மணலில் ஊன்றித் தள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி தள்ளினான். அடிப்பலகை மணலில் உரசியது. ஒரு முழம். இன்னொரு முழம். தண்ணீர் மார்புக்கு வந்தது. விசிறியை விட்டுத் தள்ளி விலகிக்கொண்டான்.

“இப்ப போடுங்க!”

என்ஜின் இருமிப் பிடித்துக்கொண்டது.

“நிறுத்தாதீங்க! நின்னா மறுபடி திட்டுல குந்திக்கும். போங்க!”

“நீ?” என்று கத்தினார் ஐஸ்காரர்.

“நிக்கறேன். போங்க!”

படகு போய்விட்டது. திட்டின் உச்சிக்கு நடந்து வந்து நின்றான். தண்ணீர் தொடைக்கு இறங்கியிருந்தது. என்ஜின் சத்தம் ஒரே சீராகத் தேய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை விக்கியது. மறுபடி சீரானது. பிறகு சத்தமே இல்லை. போய்ச் சேர்ந்ததா, நின்றுபோனதா என்று இங்கிருந்து தெரியாது. தோளில் தோல் உரிந்து உப்பு எரிந்தது.

கருக்கலில் படகு திரும்பி வந்தது. ஐஸ்காரர் மட்டும் இருந்தார். ஆழம் பார்த்துத் தள்ளியே நிறுத்தினார்.

“சேந்துருச்சா?”

“பத்து நிமிஷம் மிச்சம்.”

“எண்ணியாச்சா?”

“தெரியல. நான் உள்ள போகல. ஏறுடா.”

அவன் ஏறியதும் ஐஸ்காரர் கைப்பிடியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நிதானம் கைப்பிடியைப் பிடித்துக் கரைக்கு விட்டான்.

மறுநாள் காலை முடிவு தெரிந்தது. தையல்காரம்மா பதினேழு ஓட்டில் ஜெயித்திருந்தார். நிதானத்தின் மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. சோற்றைக் கட்டித் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். விசிறியில் ஒரு இதழ் வளைந்திருந்தது. சுத்தியலால் தட்டி நேராக்கினான். முதல் நடைக்கு ஒன்பது பேர் ஏறினார்கள். ஐஸ்காரர் காலி ஐஸ் பெட்டிகளோடு பின்பலகையில் உட்கார்ந்தார். திட்டு வந்ததும் எல்லாரும் எழுந்து முன்பக்கம் போனார்கள்.