மூன்று பிஸ்டல்களும் மாமாவின் சனிக்கிழமைகளும்

என் மாமா எதையும் ஆற அமர ஆராயாமல் முடிவு செய்ய மாட்டார். ஒரு கெட்டில் வாங்குவதற்கே கடை கடையாக ஏறி இறங்குவார். வாங்கி வந்த பிறகும், வாங்காமல் விட்ட கெட்டிலைப் பற்றிக் கவலைப்படுவார். ஆகவே, எந்த ஏர் பிஸ்டல் குறி தவறாமல் சுடும் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருஷத்தின் பெரும்பகுதி பிடித்தபோது, பத்து வயதுப் பிள்ளையான எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். சனிக்கிழமைகளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஷிப்ட் இருக்கும் என்பதால் என்னைப் பார்த்துக்கொள்வது மாமாவின் பொறுப்பு. அவர் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஒரு பழைய மண்டபத்தின் நிலவறையில் இருந்த சுடும் கிளப்புக்குப் போவார். உண்மையான கைத்துப்பாக்கிக்கு இந்த நாட்டில் தடை. அங்கே இருந்தவை காற்றால் சுடுபவை. மிளகுமணி அளவு ஈயக்குண்டு, பத்து மீற்றர் தள்ளி ஓர் அட்டை, சோடாப் போத்தல் திறந்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கிளப்பில் இரவலாகக் கிடைத்தவை மூன்று. முதலாவது ஸ்பிரிங்கை மடக்கி இழுத்துச் சுடுவது. சுடும்போது கையை உதறிவிடும். இரண்டாவது காஸ் குப்பி போட்டது; குளிர் கூடினால் அதற்குச் சோம்பல் வந்து குண்டு கீழே இறங்கிவிடும். மூன்றாவது அழுத்தி அடைத்த காற்றில் சுடுவது, சாதுவானது. பார்த்த முதல் நாளே நான் மூன்றாவதன் கட்சியில் சேர்ந்துவிட்டேன். எந்த அட்டை எந்தப் பிஸ்டலுடையது என்று எழுதிவைப்பது என் வேலை.

துளைகளை அளப்பவர் ஓர் அக்கா. வாரநாட்களில் ஒரு மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமை கிளப்பில் தொண்டு. கையில் எப்போதும் ஒரு ஸ்கேல் வைத்திருப்பார் என்பதால் நான் அவரை ஸ்கேல் அக்கா என்றே கூப்பிட்டேன். எல்லாக் குண்டும் நடுப்புள்ளிக்கு வெளியே போனதைப் பார்த்து நான் சிரித்த ஒருநாள், அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நடுவில படுறது சுடுறவரின்ர கெட்டித்தனம், பிள்ளை. ஓட்டையள் எல்லாம் ஒண்டுக்கொண்டு கிட்டக் கிட்ட விழுந்தால், அதுதான் துவக்கின்ர கெட்டித்தனம். உங்கட மாமாவுக்குக் கை நடுங்குது. துவக்கில பிழை சொல்ல ஏலாது.”

மாமாவின் கை வீட்டில் நடுங்கி நான் பார்த்ததில்லை. கொதிக்கிற தேநீரைத் தட்டில் வைத்துச் சிந்தாமல் மாடிக்குக் கொண்டுபோகிற கை அது. நடுக்கத்துக்கு மருந்தாக, கையை ஒரு கனத்த பையில் ஊன்றிச் சுடலாம் என்று அக்கா சொன்னார். அடுத்த சனிக்கிழமை மாமா எங்கள் குசினியிலிருந்த அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

“தின்னுற அரிசியில துவக்கை வைக்கிறியோடா? உனக்கு நாளைக்குச் சோறு கிடைக்குமோ?” என்று அம்மா வாசல்வரை வந்து ஏசினார். அன்றிரவு அந்த அரிசியில்தான் சோறு. மாமா வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டார்.

அரிசிப் பை வந்த பிறகு முடிவு கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒவ்வொரு வகைக் குண்டுதான் ஒத்துவருமாம். ஒன்றுக்குத் தங்கமாகப் பொருந்துகிற குண்டு மற்றதில் கண்டபாட்டுக்குப் போகுமாம். ஆகவே எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் மாமா. அக்காவும் ஓமென்று தலையாட்டினார். வீட்டில் அம்மாவும் அதே மாதிரியான வேலையில்தான் இருந்தார். மாமாவின் சாதகத்தை ஒவ்வொரு பெண்ணின் சாதகத்தோடும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று பொருந்தியது. பெண்ணின் தாயும் தகப்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டிங்கிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு.

அதற்கு முதல் நாள், கிளப்பிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மாமா கேட்டார். “நாளைக்கு வாற ஆக்களுக்கு எங்கட ஆராய்ச்சியை விளங்கப்படுத்துவியா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றுவரை அந்த வீட்டில் ஒருவரும் என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். பயற்றம் பணியாரத்தைப் புகழ்ந்தார்கள். மாமாவின் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். தம்பி ஓய்வு நாளில் என்ன செய்வார் என்று தகப்பனார் கேட்டதுதான் தாமதம், நான் அட்டைக் கட்டோடு நடுவில் போய் நின்றேன். எந்தப் பிஸ்டல் உதைக்கும், எது குளிரில் படுத்துவிடும், எந்தக் குண்டு எதற்குப் பொருந்தும், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். துளை விழுந்த அட்டைகளைப் பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் பரப்பிக் காட்டினேன்.

“தம்பி வீட்டில துவக்கு வைச்சிருக்கிறீரோ?” என்றார் தகப்பனார்.

“இப்ப இல்லை அங்கிள். ஒண்டு வாங்குவம் எண்டு யோசிக்கிறன்,” என்றார் மாமா, மிகவும் பணிவாக.

அந்தத் தாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “துவக்குச் சத்தம் கேக்கக்கூடாதெண்டுதானே தம்பி, எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்ச ஓடி வந்தனாங்கள்.” கோபமாக அல்ல, களைத்துப்போன குரலில் சொன்னார். மாமாவின் முகம் ஒரு கணம் வாடிப்போனது. அவர்கள் போன பிறகு நான் அழுதேன். என் அளவுகளில் எங்கோ பிழை விட்டிருக்கிறேன், அதைக் கண்டுபிடித்துத்தான் எழுந்து போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

அம்மா மாமாவோடு சண்டைக்குப் போவார் என்று காத்திருந்தேன். அவர் என்னிடம்தான் வந்தார். வந்தவர்களின் காதில் விழுந்தது துவக்கு; அம்மாவின் காதில் விழுந்தது வேறு.

“ஸ்கேல் அக்கா, ஸ்கேல் அக்கா எண்டு சொன்னியே, ஆரது?”

“துளை அளக்கிறவ.”

“எந்த ஊராம்?”

“மன்னார். ஞாயிறெண்டால் சேர்ச்சுக்குப் போறவ.”

அம்மா என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். அதற்குள் மாப்பிள்ளை துவக்குக்காரன் என்று டூட்டிங்கில் கிளம்பிய பேச்சு லூயிஷாம் கோயில்வரை போய்விட்டது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அம்மா, “வேதக்காரப் பிள்ளையாம்,” என்று தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பா கோழிக்காலைக் கடித்தபடியே, “துவக்குக்காரனுக்கு இனி வேற ஆர் பொம்பிளை குடுக்கப்போகினம்?” என்றார். மாமா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சனிக்கிழமை அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு மீன் ரோல்ஸ் பொரித்து, ஒரு டப்பாவில் அடுக்கி என் கையில் தந்தார். பின்னேரம் நான் வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

“அந்தப் பிள்ளை சாப்பிட்டவவோ?”

“ஓம். நல்லா இருக்காம். இன்னும் கொஞ்சம் உறைப்புப் போட்டிருக்கலாமாம்.”

“வாயைப் பார் அவவுக்கு!” என்றார் அம்மா. சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்கச் சிரிக்காதவர் சிரித்தார். மாமா படியில் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ரோல்ஸில் மிளகாய்த்தூள் தூக்கலாக இருந்தது. புறப்படுமுன் அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, கண்ணை மூடி, வெகுநேரம் நின்றார். கன்னத்தில் கண்ணீர் வடிந்ததைப் பார்த்தேன். எங்கள் ஆராய்ச்சி நல்லபடி முடிய வேண்டும் என்றுதான் அம்மா இவ்வளவு உருக்கமாகக் கும்பிடுகிறார் என்று எனக்குப் பட்டது. நானும் பக்கத்தில் போய்க் கைகூப்பி நின்று, மூன்றாவது பிஸ்டலே வெல்லட்டும், சாமி என்று மனதாரக் கேட்டுக்கொண்டேன்.