சக்கரத்துக்குக் கயிறு கட்டிய மாமா

என் அத்தையின் கல்யாணத்தன்று மழை பெய்யாது என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகையில் சென்னையில் மழை பெய்யாது என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். பெய்யும் என்று சொன்னவர் மாமா ஒருவர்தான். சொன்னதோடு நிற்காமல், மழைக்காகக் காரைத் தயார் செய்யவும் ஆரம்பித்துவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பட்டறையில் மெக்கானிக். அத்தை அப்பாவின் தங்கை. தாயும் தகப்பனும் போய்விட்டதால் எங்களோடுதான் இருந்தாள். அடையாற்றுக்குத் தெற்கே, ஊரூர்க் குப்பத்துக்குப் போகும் வழியில் எங்கள் ஓட்டு வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் நடக்கவிருந்த மாதா கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மயிலாப்பூரில்.

யுத்த காலம் அது. மாப்பிள்ளை பட்டாள ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பத்து நாள் லீவில் வந்திருந்தார். திங்கட்கிழமை ரயிலேறினால் பர்மா எல்லையோ, வேறு எந்தத் திசையோ. கல்யாணம் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆகமன காலம் பிறக்கிறது. பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் கழியும்வரை கோயிலில் கல்யாணப் பூசை கிடையாது. பூசையும் நடுப்பகலுக்குமேல் வைக்கமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அத்தை கோயில் படி ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் மாப்பிள்ளை தாலி கட்டாமலே சண்டைக்குப் போவார். திரும்பி வந்தால்தான் கல்யாணம். அந்த ‘வந்தால்’ என்ற சொல்லை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கார் பட்டறை முதலாளியுடையது. பெட்ரோலுக்குக் கூப்பன் கிடைக்காமல் எல்லோரும் அல்லாடிய காலம் என்பதால், அதன் முதுகில் ஒரு இரும்புப் பீப்பாயைக் கட்டியிருந்தார்கள். அதில் கரியைப் போட்டு எரித்து, வருகிற வாயுவில் வண்டி ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேட்டில் ஏறும்போது இறங்கித் தள்ளினால் அதற்குச் சந்தோஷமாக இருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் மாமா அதை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்று நாளும் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். இன்ஜின் ஒயர்களுக்கெல்லாம் தண்ணீர் படாமல் மெழுகு பூசினார். பின்சக்கரம் இரண்டிலும் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். அப்படிச் செய்தால் சேற்றில் வழுக்காதாம். மண்வெட்டி, தென்னங்கீற்று, சாக்கு, இரண்டு பலகை, காற்றடிக்கும் பம்பு எல்லாம் உள்ளே ஏறின. கரியை எண்ணெய்த் துணியில் மூட்டை கட்டினார். ஒவ்வொன்றும் ஏறியதும் காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒரு சீட்டில் கோடு போட்டுக்கொள்வார்.

எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம்தான் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியிருந்தேன். கோயிலில் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசக் கேள்வி பதில் அத்தனையும் தலைகீழாகத் தெரியும் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. மாமா அதைத் தெரிந்துகொண்டு காரையும் எனக்கு அதே மாதிரி சொல்லிக்கொடுத்தார்.

“சேத்துல மாட்டுன வண்டிய எப்படி மீட்கிறது?”

“சக்கரத்தை வீணாகச் சுழல விடாமல், முன்னும் பின்னும் மெல்ல அசைத்து மீட்க வேண்டும்.”

“மணல்ல மாட்டுனா?”

“டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். டயர் சப்பையாகி அகலமாக நிற்கும், மணலில் புதையாது.”

பாலைவனத்தில் பட்டாள லாரிகளை அப்படித்தான் ஓட்டுகிறார்களாம். நான் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்லும்போதெல்லாம் மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். அத்தை ஒரு காப்பித் தம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தக் காப்பியை மாமா ஆறிய பிறகுதான் குடிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் அம்மா அப்பாவிடம் தன் தம்பியையும் அத்தையையும் சேர்த்து ஏதோ பேச்செடுத்தாள். “கிரீஸ் பிடிச்ச கையிலயா என் தங்கச்சியப் பிடிச்சுக் குடுப்பேன்?” என்று அப்பா கேட்டார். அன்று அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் பங்கு முட்டை எனக்குக் கிடைத்ததால் அந்த நாள் என் நினைவில் இருக்கிறது.

சனிக்கிழமை விடியும்போது மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அப்பாவும் மற்றவர்களும் முதல் நாளே மயிலாப்பூர் போய்த் தங்கிவிட்டார்கள். வீட்டில் இருந்தது அம்மா, அத்தை, நான், மாமா நான்கு பேர்தான். மாமா இருட்டோடு சைக்கிளில் போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்.

“மதகு முழுகிடுச்சுக்கா. ரோட்டுல போக முடியாது. குப்பத்து மணல் வழியா சுத்திக்கிட்டுப் பாலத்துக்குப் போயிடலாம். ஈர மணல் சிமிட்டித் தரை மாதிரி கெட்டியா இருக்கும்.”

பிறகு அடுப்படியில் போய் நின்று ஒரு தம்ளர் காப்பியை மடமடவென்று குடித்தார். அம்மா திடுக்கிட்டுப் போனாள். அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. மாமா கோயிலுக்குப் போய் நன்மை வாங்காமல் வந்ததே கிடையாது.

“நீ நன்மை வாங்கலியாடா?”

“வண்டி ஓட்டுறவன் பட்டினியா இருந்தா மயக்கம் வரும்க்கா” என்றார் மாமா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வெள்ளைப் புடவையும் வலைமுக்காடும் பூமுடியுமாக அத்தை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் நான், என் வெள்ளைக் கவுனில். முன்னால் அம்மா, மடியில் பழப்பெட்டியோடு. குப்பத்தைத் தாண்டும்வரை மணல் மாமா சொன்னபடி கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மேட்டில் ஏறினோம். வண்டி பெருமூச்சு விட்டது. பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்ததுபோல் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது.

மாமா பதறவில்லை. ஒவ்வொரு சாமானாக எடுத்தார். மண்வெட்டியால் வெட்டினார், வெட்டிய இடத்தில் மழை மணலைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டியது. கீற்றைப் போட்டார், சக்கரம் அதைக் கிழித்துப் பின்னால் எறிந்தது. சாக்கும் அப்படியே போயிற்று. பலகை முறிந்தது. முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். அம்மாவும் நானும் இறங்கித் தள்ளினோம். தள்ளத் தள்ள வண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. மூன்று நாள் பாடுபட்டுச் சுற்றிய கயிறு நார்நாராகப் பிய்ந்து சக்கரத்தில் தொங்கியது.

எட்டு மணி ஆயிற்று. எட்டரை, ஒன்பது. அம்மா அப்பாவின் கைக்கடிகாரத்தை இடுப்பில் செருகியிருந்தாள். அதை எடுத்துப் பார்ப்பதும் சேசுவே, மரியே என்பதுமாக இருந்தாள். பீப்பாயில் கரி குறைந்துகொண்டே வந்தது. அது அணைந்தால் மறுபடி பற்றவைத்து வாயு வர அரைமணி ஆகும். அத்தை முழந்தாள்மேல் கைகளை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

என் பயம் வேறு. தள்ளும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கியதில் மழைத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இரண்டு தடவை. உபவாசம் முறிந்துவிட்டதா இல்லையா என்று ஞானோபதேசத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை. அந்தத் தண்ணீரோடு நன்மை வாங்கினால் நேரே நரகம்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்தக் கலக்கத்தில்தான், வேறு என்னவெல்லாம் படித்தோம் என்று யோசித்தபோது, மாமா சொல்லிக்கொடுத்த பதில் ஞாபகம் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். “மாமா, மணல்னா காத்த இறக்கணும்ல?”

மாமா நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் கண்டதில்லை.

“வாய மூடிக்கிட்டு உள்ள உக்காரு.”

அதுவரை அவர் என்னை அதட்டியதே கிடையாது. நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

பத்து மணி சுமாருக்குத் தலையில் காலிக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு குப்பத்து அம்மா ஒருத்தி அந்த வழியாக வந்தாள். அடையாறு கடைத்தெருவில் கருவாடு விற்றுவிட்டுத் திரும்புகிறவள்.

“இன்னா நைனா, கல்யாண வண்டி மணல்ல குந்திகினு கீது? ரோட்டு மேல போவறதுக்கு இன்னா?”

“மதகு முழுகிப்போச்சாமே” என்றாள் அம்மா.

“யாரு சொன்னா? இப்பத்தான் அது மேல நடந்து வரேன். கணுக்கால் தண்ணிதான் கீது. மாட்டு வண்டியெல்லாம் போய்க்கினு கீது.”

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா குனிந்து மண்வெட்டியை எடுத்தார். வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அத்தை கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். “மழைல எறங்காதம்மா, புடவை!” என்று அம்மா கத்தியதை அவள் கேட்கவில்லை. கால் புதையப் புதைய நடந்து மாமாவுக்கு எதிரே போய் நின்றாள். முக்காடு நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. நான் இருந்த ஜன்னலிலிருந்து நாலடி தூரம்தான்.

“எனக்குப் போகணும். நீங்கதான் கொண்டு விடணும்” என்றாள்.

“திங்கக்கிழமை அவரு போயிடுவாரு. திரும்பி வராமப் போயிட்டா?”

“தெரியும். தெரிஞ்சுதான் சம்மதிச்சேன். அவரு அங்க நின்னுக்கிட்டு இருப்பாரு.”

மழை இரண்டு பேர்மேலும் கொட்டியது. மாமா மண்வெட்டியைக் கீழே போட்டார். பிறகு பின்சக்கரத்தின் பக்கத்தில் முழந்தாள்போட்டு உட்கார்ந்து வால்வை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று இறங்கிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். நான் சொன்னதைத்தானே செய்கிறார்!

கூடைக்கார அம்மா குடிசைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “டேய், எய்ந்து வாங்கடா! பொண்ணு நின்னுகினு கீது மயைல!” மழையால் கடலுக்குப் போகாமல் முடங்கிக் கிடந்த பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கட்டுமரத்தைக் கரையேற்றும் உருட்டுக்கட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, வலைக்கயிற்றைக் காரின் முன்னால் கட்டி, ஒரே மூச்சாக இழுத்தார்கள். சப்பைச் சக்கரம் மணலைக் கவ்வியது. ஒருமுறை சறுக்கி, மறுமுறை ஏறி, வண்டி வெளியே வந்துவிட்டது. மூன்று மணி நேரம் கிடந்த வண்டி பத்து நிமிஷத்தில் கிளம்பியது. ஒரு ரூபாய் நீட்டிய அம்மாவின் கையை அந்தக் கூடைக்கார அம்மா தள்ளிவிட்டாள்.

மாமா திரும்பிச் சாலைக்கே வண்டியை விட்டார். மதகின்மேல் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. அம்மா அதைப் பார்க்காததுபோல் செபமாலையை உருட்டினாள்.

ஆற்றுப் பாலத்தின் அந்த முனையில் ஒருவர் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றார். கல்யாணக் கோட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. கோயிலிலிருந்து அவ்வளவு தூரமும் தேடிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். மாமா வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்கதவைத் தாமே அவருக்குத் திறந்துவிட்டார். அத்தை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

பதினொன்றே காலுக்குத் தாலி ஏறியது. பூசை நடக்கும்போது வெளியே பம்பு அடிக்கும் சத்தம் விடாமல் கேட்டது. மாமா டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் நடுங்கிக்கொண்டே போய் நன்மை வாங்கினேன், பூமி பிளக்கவில்லை.

பசியும் பயமும் தீர்ந்த பிறகு விருந்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பந்தி நடுவில் எழுந்து நின்று, மாமா காற்றை இறக்க மறந்துவிட்டார், எனக்குத்தான் ஞாபகம் வந்தது, நான் சொல்லித்தான் கார் வெளியே வந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன். பந்தியே சிரித்தது. அப்பாதான் பலமாகச் சிரித்தார். “பெரிய மெக்கானிக்குன்னாங்க! பொடிசு சொல்லித்தான் தெரிஞ்சுதா?”

“ஆமா மச்சான், மறந்துட்டேன்” என்று மாமாவும் சிரித்தார். சீட்டில் கோடு போட்டுச் சாமான் ஏற்றிய மனுஷர் அவர்.

அத்தை இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளினாள். கவுனைச் சேறாக்கியதற்கு என்று நினைத்துக்கொண்டேன். கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மழைத் தண்ணீர்ப் பாவத்தைச் சொல்லச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் மாமா. உள்ளே போனவர் வரவே இல்லை. எனக்குக் கால் கடுத்தது. தட்டிக்கு அப்பால் அவர் குரல் முணுமுணுவென்று ஓடிக்கொண்டே இருந்தது. கார் பேச்சை ஆரம்பித்தால் மாமாவுக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். சக்கரத்துக்குக் கயிறு கட்டியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சாமியாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே எரிச்சலாக வந்தது.