கையடித்துக் கொடுத்த சத்தியம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் ஆண்டிமடத்தில் நர்ஸாக இருந்தேன். பிரசவமாகி இருபது நாளான ஒரு பெண், தங்கம் என்று வைத்துக்கொள்வோம், "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா" என்று கையை நீட்டினாள். விஷயத்தைக் கேட்காமலே அடித்துக் கொடுத்துவிட்டேன்.

"உசுரோட இருக்கப் புடிக்கலக்கா" என்றாள்.

இதை மறைத்து வைக்க முடியாது. ஆனாலும் அவளுக்குத் தெரியாமல் போய்ச் சொல்ல மனம் வரவில்லை.

"தங்கம், இந்தச் சத்தியத்தை மீறப்போறேன். உங்கம்மாகிட்ட சொல்லணும். நீயும் கூட இரு."

கோபத்தில் அழுதவள், "நீங்களே சொல்லுங்க, எனக்கு வாய் வரல" என்றாள். அம்மா அவளைத் தனியே விடவில்லை, டாக்டரிடமும் காட்டினோம்.

அடுத்த வருஷம் அவள் மகன் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான்.

இன்றும் பெண்கள் கை நீட்டுகிறார்கள். "உசுருக்கு ஆபத்துன்னா சொல்லிடுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான்" என்கிறேன். நீட்டிய கையை அடிப்பதில்லை, பிடித்துக்கொள்கிறேன்.