மூன்று வரிக் கட்டுரை

கல்முனையில் தரம் ஆறுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தினமும் பத்துப் புதுச்சொற்களைப் பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொல்வேன். கட்டுரையில் வீட்டுப் பேச்சு வந்தால் சிவப்பு மையால் வெட்டுவேன். அப்படியும் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகள் கோடைக் குளங்களாக வறண்டே கிடந்தன. கரைவலை இழுப்பவரின் மகள் ஸப்னா, 'வாப்பாவின் தொழில்' பற்றி மூன்றே வரி எழுதியிருந்தாள்.

"இவ்வளவுதானா புள்ள? எத்தனை சொல் தந்தன்!" என்று கத்தினேன்.

"வலையப் பத்தி வாப்பா கதைக்கிற சொல்லெல்லாம் நீங்க வெட்டிருவீங்க சேர். மிச்சம் இவ்வளவுதான்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெட்ட மாட்டன், சொல்லுங்க மகள்," என்றேன்.

மணி அடிக்கும்வரை சொன்னாள். பாதிச் சொற்கள் எனக்கு விளங்கவேயில்லை. பிள்ளைகளிடம் சொல் இல்லையென்று இருபது வருடமாக எரிந்து விழுந்தவன் நான். இப்போது என்மேல் வரும் எரிச்சல்தான் தீரமாட்டேன் என்கிறது.