கழித்துப் போட்ட மேஜைக்கு ஆயுத பூஜை

"கை கழுவச் சொல்றதுக்கு ஒரு வேலையா? அதுக்கு நாலு வருசம் படிப்பு வேறயா?" என்றார் குறிஞ்சிப்பாடி மாமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "சும்மா சொன்னா யாரு கழுவுறாங்க மாமா? கழுவ வைக்கணும். அதுக்குத்தான் நாலு வருசம்" என்றேன்.

2009 வாக்கில் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் என்னைத் தொற்றுத் தடுப்பு நர்ஸாகத் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். என்னைக் கண்டாலே பெரிய சர்ஜன் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் மேஜை, விளக்கு, மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் அப்பி, பொரி வைத்துப் படைப்பது அங்கே வழக்கம். மறுநாள் அதே மேஜையில் ஆளைப் படுக்கவைத்து வயிற்றைத் திறப்பார்கள்.

மேட்ரன் கூப்பிட்டார். "பூஜை முடிஞ்சதும் வந்து பாப்பேன். உள்ள ஒரு பொரி கெடந்தாலும் நீ பழையபடி வார்டுக்குப் போயிடு. சுத்தமா இருந்தா இந்த வேலை உனக்கு நிரந்தரம்."

தியேட்டர் அட்டெண்டர் அண்ணனிடம் ஓடினேன்.

"இருவது வருசமா பொட்டு வெச்சுதான் சிஸ்டர் மெஷின் ஓடுது" என்றார் அவர்.

"கரன்ட்டுல ஓடலியாண்ணே?"

"கரன்ட்டு போனாலும் ஓடுதே?"

"அது ஜெனரேட்டர்ண்ணே."

"அதுக்கும் பொட்டு வெச்சிருக்கேன்."

அப்போதுதான் ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்து நின்ற, சக்கரம் வைத்த பழைய ஆபரேஷன் மேஜை கண்ணில் பட்டது.

"அண்ணே, வீட்டுல பெரியவரு இருக்கறப்ப சின்னதுங்களுக்கா மரியாத பண்ணுவாங்க? இவருக்குப் பண்ணுங்க. உள்ள இருக்கற எல்லாத்துக்கும் சேந்துடும்."

அவர் மேஜையை ஒரு சுற்று சுற்றி வந்தார். "நான் சேந்தப்ப இவருதான் இருந்தாரு" என்று தடவிக் கொடுத்தார்.

பூஜையன்று மேஜையை வாசல் சரிவின் உச்சியில் நிறுத்தி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நடுவில் பூசணிக்காயை வைத்தார்கள். கற்பூரம் காட்டக் குனிந்த அண்ணனின் முழங்கை பட்டது. மேஜை நகர்ந்தது. பிரேக் போனதால்தான் அதைக் கழித்துப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாலையும் கழுத்துமாக அது சரிவில் ஓட, பெரிய சர்ஜன் குரோட்டன்ஸ் செடிக்குள் குதித்தார். மேஜை கேட்டில் முட்டி நின்றது. பூசணிக்காய் மட்டும் பறந்துபோய் நடுத்தெருவில் சிதறியது.

"பாத்தீங்களா! தானே ஓடிப்போய்த் திருஷ்டி கழிச்சுட்டாரு" என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் கும்பிட்டோம். செடிக்குள்ளிருந்து சர்ஜனும்.

மேட்ரன் தியேட்டருக்குள் போய், வெள்ளைக் கைக்குட்டையால் விளக்கின் உச்சி வரை துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது. "வேலை உனக்குத்தான்" என்றவர், போகிற போக்கில் கேட்டார்: "கிறிஸ்துமஸுக்கு ஐ.சி.யூ.வுக்குள்ள வருசா வருசம் நான்தான் குடில் வைப்பேன். இந்த வருசம் நல்ல வைக்கோல் எங்க கெடைக்கும்?"

நான் நேராக ஸ்டோருக்குப் போனேன். கழித்துப் போட்ட குழந்தைத் தொட்டில் ஒன்று கிடந்தது. அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டு, அதன் சக்கரங்கள் நான்கையும் கழற்றிவிட்டேன்.